மஞ்சள் தடவிய நூறு பங்குகள்

சென்ற மாதம் ஓய்வூதியப் படிவம் ஒன்றைக் கொடுப்பதற்காகக் கடலூரில் நான் வேலை பார்த்த பழைய வங்கிக் கிளைக்குப் போயிருந்தேன். கடன் பிரிவில் இருக்கும் இளம் அதிகாரிகள் இருவர் என்னை உட்கார வைத்துக் காபி வரவழைத்தார்கள். பேச்சுக்கிடையே ஒருவர், "இனிமே ஷேர் சர்டிபிகேட்டே கெடையாது சார். காகிதமே இல்லாம எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிடுது" என்றார்.

"அப்படியானா மஞ்சளை எங்க தடவுவாங்க?" என்று கேட்டேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவருக்கு வயதாகிவிட்டது என்று முடிவு செய்திருப்பார்கள். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்த நேரத்தில் வாடிக்கையாளர் ஒருவர் வந்துவிட்டார். "நம்ம சங்க மலருக்கு எழுதிக் குடுத்துடுங்க சார்" என்று என்னைப் பக்குவமாக அனுப்பிவைத்தார்கள். எழுதிவிட்டேன். காபிக்குக் கைம்மாறாகவும் இதைக் கொள்ளலாம்.

நான் திருவதிகையில் பிறந்தவன். எழுத்து அறியுமுன்பே பதிகங்களைச் செவி வழியாகக் கற்றவன். வங்கியில் சேர்ந்த முதல் மூன்றாண்டுகளில் நான் செய்தது கூட்டல் ஒன்றுதான். பேரேட்டில் ஒரு நயா பைசா இடித்தாலும் வீட்டுக்குப் போக விடமாட்டார்கள். என் பயிற்சிக்காலம் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் என்னைக் கடலூர்க் கிளைக்கு மாற்றி, பங்குகளின் பேரில் கடன் கொடுக்கும் மேசையில் உட்கார வைத்தார்கள்.

அங்கே மேலாளர் ஞானப்பிரகாசம். கடலூரிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அணிந்த அதே வெள்ளை உடுப்பு திங்களன்றும் மடிப்புக் கலையாமல் இருக்கும். அவருக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். மிகுந்த கோபம் வந்தாலோ பேச்சே நின்றுவிடும்; மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைக்கத் தொடங்குவார். அவர் துடைத்து முடிக்கும்வரை எதிரே நிற்பவன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வேலைக்கிடையே நான் பதிகம் முணுமுணுப்பதைக் கேட்டு எனக்கு 'ஓதுவார்' என்று பெயர் சூட்டியவரும் அவரே. அந்தப் பெயர் என் பணிக்காலம் முழுவதும் என்னோடு வந்தது. பதவி உயர்வுகள்தாம் அவ்வளவு விசுவாசமாக வரவில்லை.

என் மேசையின் நடைமுறை இது. கடன் கேட்பவர் தம் பங்குப் பத்திரங்களைக் கொண்டுவருவார். பெயர், வரிசை எண்கள், நிறுவனத்தின் முத்திரை மூன்றையும் சரிபார்ப்பேன். பங்கை இன்னொருவருக்கு மாற்றித் தருவதற்கான மாற்றுப் படிவத்தில், வாங்குபவர் பெயரையும் தேதியையும் வெறுமையாக விட்டு, அவர் கையொப்பம் மட்டும் இட்டுத் தருவார். கடன் திரும்பாவிட்டால் பங்குகளை விற்கும் உரிமையை வங்கிக்குத் தருவது அந்த ஒரு கையொப்பமே. அதை மாதிரிக் கையொப்பத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, பதிவேட்டில் 'ஒத்திருக்கிறது' என்று எழுதிச் சுருக்கொப்பம் இடவேண்டும். அன்றைய விலையில் பாதிதான் கடன். மற்றப் பாதி காப்பு. அதை 'மார்ஜின்' என்போம். சென்னை ரயிலில் வரும் செய்தித்தாளைப் பார்த்து நாள்தோறும் விலையைப் பென்சிலால் எழுதுவேன். விலை இறங்கிக் காப்புக் குறைந்தால் சிவப்புக் கோடு. கோடு விழுந்தால் கடிதம் போகும். கடிதத்துக்கு விடை இல்லையென்றால் பங்கு விற்பனைக்குப் போகும்.

முதல் நாளே ஞானப்பிரகாசம் என்னிடம் கேட்டார்: "ஓதுவாரே, தேருக்கு வடம் புடிக்கிறவன் எத்தினி பேரு?"

"ஆயிரம் பேர் இருப்பாங்க சார்."

"சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடறவன்?"

"நாலு பேர்."

"அந்த நாலு பேரும் அசந்துட்டா?"

"தேர் யார் வீட்டுக்குள்ளயாவது போய் நிக்கும் சார்."

"அந்தக் கட்டைதான் மார்ஜின். எவன் அழுதாலும் எடுக்காதீங்க. எங்க மாதா தேருக்கும் அதே கட்டைதான்."

இப்போது என் மச்சான் தில்லைநாயகத்தை அறிமுகப்படுத்த வேண்டும். என் மனைவியின் அண்ணன். சிதம்பரம் கீழவீதியில் துணிக்கடை. தாராளமான கை, அதைவிடத் தாராளமான வாய். அவருடைய தந்தையார் இறக்கும்போது ஒரு நூற்பாலையின் நூறு பங்குகளை விட்டுச் சென்றார். அந்தப் பங்குகளுக்கு ஒரு வேலை உண்டு. ஆண்டுதோறும் வரும் ஈவுத்தொகையில் மார்கழித் திருவாதிரையன்று, அம்பலவன் திருக்கூத்தைத் தரிசித்து வருபவர்களுக்குக் கடைவாசலில் களி வழங்க வேண்டும். ஆளுக்கு ஒரு தொன்னை நிறைய. "பங்கை வித்துடாத, களி நின்னுடும்" என்பதே பெரியவரின் கடைசி உத்தரவு. மச்சான் அதை மீறவில்லை. விற்கக் கூடாது என்றுதானே சொன்னார்? அடகு வைக்கக் கூடாது என்று சொல்லவில்லையே!

ஒரு நாள் சிதம்பரத்திலிருந்து முதல் பேருந்தில் வந்து இறங்கினார்.

"மாப்ள, உங்க பேங்குல பணம் தூங்குது. எங்க பொட்டில ஷேரு தூங்குது. ரெண்டையும் எழுப்பி வுடுவோமா?"

அப்போது பங்கு விலை நூறு ரூபாய். நூறு பங்கின் பேரில் ஐயாயிரம் கடன் கிடைக்கும். அந்தப் பணத்தில் அதே ஆலையின் பங்குகளை மேலும் ஐம்பது வாங்குவது, அந்த ஐம்பதையும் வைத்துக் கடன் பெற்று இன்னும் இருபத்தைந்து வாங்குவது, விலை ஏறினால் ஏறிய விலைக்கும் கடன் வாங்கி மேலும் வாங்குவது. இதுதான் அவர் திட்டம்.

முட்டுக்கட்டைக் கதையை மச்சானிடமும், அவர் என் உறவுக்காரர் என்பதை மேலாளரிடமும் சொல்லிவிட்டேன். முதல் நூறின் காகிதங்களை அவரே விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு, "இனிமே வர்றதை நீங்களே பாருங்க. கோயிலுக்குள்ள போறப்ப செருப்பை வெளியே வுடறீங்க இல்ல? அது மாதிரி மச்சானை வாசல்ல வுட்டுட்டு வந்து பாருங்க" என்றார். நான் தலையாட்டினேன். செருப்பை விடுவது எளிது, அது நம்மைப் பார்த்து, "மாப்ள, சாப்ட்டியா?" என்று கேட்பதில்லை.

புதிதாக வாங்கிய பங்குப் பத்திரங்கள் வந்த வெள்ளிக்கிழமை நான் சிதம்பரத்தில் இருந்தேன். மறுநாள் வங்கியில் கொடுப்பதற்காக மாற்றுப் படிவங்களிலும் கையொப்பமிட்டு, எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் அடுக்கிக் கடையின் சாமி படத்துக்கு முன் வைத்திருந்தார் மச்சான். நம் ஊரில் புதுக் கணக்கானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும் நான்கு மூலையிலும் மஞ்சள் வைக்காமல் காகிதத்துக்கு மங்கலம் வருவதில்லை.

"மாப்ள, நீ ஒரு பதிகம் பாடி ஒங் கையாலயே வச்சுடு. ஒன் வாயில வந்தா பலிக்கும்" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பன்னீர் விட்டுக் குழைத்த மஞ்சளை மோதிர விரலில் எடுத்து, ஒரு தாள் விடாமல் நான்கு மூலைகளிலும் தாராளமாக இட்டேன். மாற்றுப் படிவத்தில் கையொப்பம் இருக்கும் இடம் வலப்பக்கக் கீழ் மூலை என்பதை அந்த மாவட்டத்திலேயே என்னைவிட நன்கு அறிந்தவர் யாரும் இல்லை. பாட்டின் உருக்கத்தில் அது எனக்கு நினைவு வரவில்லை. அடுத்தடுத்து வந்த பங்குகளுக்கும் அதே தாம்பாளம், அதே பன்னீர், அதே விரல்.

வங்கியில் பதிவேட்டைத் திறந்து 'ஒத்திருக்கிறது' என்று எழுதினேன். பொய் எழுதவில்லை, அவர் கையொப்பமிட்டதை அறிவேன். ஆனால் அன்று நான் கையொப்பத்தைப் பார்க்கவில்லை, கையொப்பமிட்டவரைத்தான் பார்த்தேன்.

விலை நூற்றிருபதுக்கு ஏறியது. ஏறிய விலைக்கு மேலும் மூவாயிரம் கடன் பெற்று இன்னும் இருபத்தைந்து வாங்க மச்சான் மறுபடியும் வந்தார். லால்பேட்டை வெற்றிலை வியாபாரி ரஹ்மத்துல்லா பாய் அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வங்கியில் பணம் போடுவார், எடுப்பார். வட்டி வாங்கவும் மாட்டார், கொடுக்கவும் மாட்டார்.

"இன்னா மொதலாளி, ஜாஸ்தி சந்தோஷமா இருக்கீங்க?"

"நூறு ஷேரு எரநூறு ஆவுது பாய்!"

"மாஷா அல்லா. கடன் எவ்ளோ ஆவுது?"

"பத்தாயிரத்து ஐந்நூறு."

"அப்ப ரெண்டு புள்ளையும் வளருது. எது முந்திக்குதுன்னு பாக்கணும்."

மச்சான் கடகடவென்று சிரித்தார். நானும் சிரித்தேன். மேலாளர் மட்டும் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஐப்பசியில் வடக்கு எல்லையில் சண்டை மூண்டது. சண்டை நடந்தது இமயமலையில். சரிந்தது என் பதிவேடு. ரயிலில் வந்த ஒவ்வொரு செய்தித்தாளிலும் விலை ஐந்தும் பத்துமாக இறங்கி, எழுபதில் நின்றது. இருநூறு பங்கின் மதிப்பு பதினாலாயிரம். அதில் பாதி ஏழாயிரம்தான் கடன் இருக்கலாம். இருந்ததோ பத்தாயிரத்து ஐந்நூறு. மச்சான் பெயருக்கு எதிரே நானே சிவப்புக் கோடு இழுத்தேன். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாயைக் கட்ட வேண்டும், இல்லையேல் பங்குகள் விற்கப்படும் என்ற கடிதத்தையும் நானே தட்டச்சு செய்தேன். வீட்டில் என் மனைவி மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள், "எங்க அண்ணனுக்கு 'அன்புடையீர்'னா எழுதுனீங்க?" என்றாள்.

மச்சான் ஒரு பையில் ஆயிரம் ரூபாயோடு வந்தார். தீபாவளிக்கு வாங்கிய துணிக்குத் தரவேண்டியதைத் தந்தபின் மிஞ்சியது அவ்வளவுதான்.

"பத்து நாளு டைம் குடுங்க சார். சண்டை நின்னுடும், வெலை ஏறிடும்."

"சண்டையை நிறுத்தற அதிகாரம் இந்தப் பிராஞ்சுக்கு இல்லீங்களே" என்றார் ஞானப்பிரகாசம். குரல் தாழ்ந்திருந்தது. "நூறு ஷேரை இன்னைக்கே வித்துடுங்க. ஏழாயிரம் வரும். கடன் மூவாயிரத்து ஐந்நூறு ஆயிடும். மிச்ச நூறுக்கு அந்தக் கடன் சரியா நிக்கும். இந்த ஆயிரத்தைக் கையில வச்சுக்குங்க. வெலை ஐம்பது ஆனாக்கூட அதைக் கட்டி சமாளிச்சுடலாம்."

மச்சான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "எங்கப்பா குடுத்த நூறைத் தொடாதீங்க. நான் வாங்கினதை வித்துடுங்க. களி நிக்கக் கூடாது" என்றார்.

அப்படியே முடிவாயிற்று. பின்னால் வாங்கிய நூறு பங்கின் காகிதங்களைப் பதிவஞ்சலில் சென்னைத் தரகருக்கு அனுப்பினோம். காகிதம் கைக்கு வந்து, கையொப்பம் சரியென்று கண்ட பிறகே அவர் விற்பார்.

ஒரு வாரம் கழித்துக் காகிதங்கள் அத்தனையும் திரும்பி வந்தன. கூடவே தரகரின் குறிப்பு: கையொப்பங்கள் மஞ்சள் கறையில் மூழ்கிக் கரைந்துள்ளன, இவற்றை ஆலை ஏற்காது, புதுப் படிவங்களில் கையொப்பம் பெற்று அனுப்பவும்.

மேலாளர் ஒரு படிவத்தை எடுத்துச் சன்னலோரம் பிடித்துப் பார்த்தார். "தில்லை தெரியுது, ஓதுவாரே. நாயகத்தைத்தான் காணோம்."

படிவத்தை என் பக்கம் நீட்டினார்.

"மஞ்சள் யாரு வச்சது?"

"நான்தான் சார்."

"ஒத்திருக்குதுன்னு எழுதினது?"

"அதுவும் நான்தான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையை எடுத்து ஒரு பக்கக் கண்ணாடியைத் துடைத்தார். மற்றதைத் துடைத்தார். மறுபடியும் முதலாவதற்கு வந்தார்.

"மொதல்ல சிதம்பரத்துக்கு ஆள் அனுப்பாதீங்க, நீங்களே போங்க. புதுப் படிவத்துல கையெழுத்து வாங்கிட்டு வாங்க. பக்கத்துல மஞ்சள் இருந்தா தள்ளி வச்சுடுங்க. அப்புறம் நடந்ததை நடந்த மாதிரியே தலைமை அலுவலகத்துக்கு உங்க கையாலயே எழுதுங்க. நான் அனுப்பறேன்."

கீழவீதிக்குப் போய் நடந்ததை மச்சானிடம் சொன்னேன். அவர் ஒவ்வொரு படிவத்திலும் கையொப்பமிட்டு, மை காயும்வரை காத்திருந்து, தாமே உறையிலிட்டுக் கொடுத்தார். அவை சென்னை போய்ச் சேர்ந்தபோது விலை ஐம்பது.

அந்த நூறு பங்கும் ஐயாயிரத்துக்குப் போயின. கடனில் ஐயாயிரத்து ஐந்நூறு மிச்சம். அதற்கு ஈடாக நின்ற தந்தையாரின் நூறு பங்கின் மதிப்போ வெறும் ஐயாயிரம். வங்கி விதிப்படி அவற்றின்பேரில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் கடன் நிற்கக் கூடாது. இன்னும் மூவாயிரம் வேண்டும். பையில் இருந்தது ஆயிரம். தந்தையாரின் பங்குகளும் விற்கப்பட்டன. குறைந்த ஐந்நூறையும் வட்டியையும் அந்த ஆயிரத்திலிருந்து கட்டினார். கணக்கு முடிந்தது. பையில் மிஞ்சியது இருநூற்றுச் சொச்சம்.

ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். காகிதங்கள் முதல் முறையே செல்லுபடியாகி எழுபதுக்கு விற்றிருந்தால், அந்த ஆயிரத்தைக் கட்டித் தந்தையாரின் நூறைக் காப்பாற்றியிருக்கலாம். என் மோதிர விரல் தின்றது இரண்டாயிரம் ரூபாய். இதை நான் மச்சானிடமே சொன்னேன்.

அவர் மெலிந்த பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "மஞ்ச வச்சவன் நீ. வைக்கச் சொன்னவன் நான். கடன் வாங்குனவனும் நான்தான். எல்லாத்துக்கும் நீயே பங்கு கேக்காத மாப்ள" என்றார்.

கடன் வாங்காமல் இருந்திருந்தால் விலை ஐம்பதாகட்டும், ஐந்தாகட்டும், அந்த நூறு காகிதங்களும் பெட்டியில் நிம்மதியாகத் தூங்கியிருக்கும். சில ஆண்டுகளில் அதே பங்கு நூறைத் தாண்டியும் போயிற்று. பங்குக்குப் பொறுமை உண்டு. பங்கை வாங்கிய கடனுக்குத்தான் பொறுமை கிடையாது. ஒற்றைத் திருவடியை ஊன்றி மற்றொன்றைத் தூக்கி நிற்பவன் அம்பலவன். அவனுக்கு அது ஆனந்தக் கூத்து. கடன் வாங்கியவன் அப்படி நின்றால் அதற்குப் பெயர் தள்ளாட்டம். நாள் தவறாமல் அந்தத் திருக்கோலத்தைப் பாடியவனுக்கு இந்த வேறுபாடு தெரிய ஒரு போர் வேண்டியிருந்தது.

தலைமை அலுவலகம் எனக்கு ஓராண்டு ஊதிய உயர்வை நிறுத்திவைத்தது. கடிதத்தைக் கொடுக்கும்போது ஞானப்பிரகாசம், "நான் கண்டிப்பு ஜாஸ்தி வேணாம்னு ஒரு வரி எழுதினேன். அந்த வரி மேல எவனோ மஞ்சள் வச்சுட்டான் போல" என்றார்.

மார்கழி வந்தது. திருவாதிரைக்கு ஒரு வாரம் இருக்கையில் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மாப்ள, கூட்டுறவு சங்கத்துல ஐந்நூறு ரூவா கடன் கேட்டுப் பாக்கட்டுமா? களி மட்டும் நின்னுடக் கூடாது. வியாபாரத்துல வந்தா அடைச்சுடுவேன்."

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி சமையலறையிலிருந்தே, "அண்ணே, இவ்ளோ நாளு நீ மட்டுந்தான் கடன்காரனா இருந்த. இப்ப சாமியையும் சேத்துக்கப் போறியா?" என்றாள்.

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து எண்பது ரூபாயை எடுத்துப் பாயில் வைத்தார். நான் இருபது வைத்தேன். அதுதான் எங்கள் சொந்தப் பணம்.

அந்தத் திருவாதிரையன்று பெரிய அண்டா பரணைவிட்டு இறங்கவில்லை. வீட்டுப் பாத்திரத்தில் களி கிண்டினோம். கூட்டமோ வழக்கமான கூட்டம். யாரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பதால் ஆளுக்கு நெல்லிக்காய் அளவு, இலைத் துண்டில். கையில் வாங்கிய ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இன்னா மொதலாளி, களியும் வெலை எறங்கிடுச்சா?" என்று கேட்டார். வரிசை முழுவதும் சிரித்தது. மச்சானின் முகம் சுருங்கிவிட்டது. கரண்டியை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போகத் திரும்பினார்.

வரிசையின் கடைசியில் வெள்ளை உடுப்பில் ஞானப்பிரகாசம் நின்றிருந்தார். கடலூரிலிருந்து பேருந்தேறி வந்திருக்கிறார். மச்சான் அப்படியே நின்றுவிட்டார். மேலாளர் தம் பங்கை இரு கைகளாலும் வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்து உற்றுப் பார்த்தார்.

"பாதிதான் இருக்கு. மார்ஜின் புடிச்சுட்டீங்களா?"

மச்சான் ஐப்பசிக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். என் கையிலிருந்த கரண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"புடிச்சுட்டேன் சார். இனிமே எவன் அழுதாலும் எடுக்க மாட்டேன்."

எடுக்கவுமில்லை. அவர் இருந்தவரை அந்தந்த ஆண்டு கடையில் மிஞ்சிய காசு எவ்வளவோ அவ்வளவுக்கே களி. நான் அன்று வைத்த இருபது ரூபாயும் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. என் விரலுக்கு நான் விதித்துக்கொண்ட அபராதம் அது. இப்போது கடையை அவர் மகள் நடத்துகிறாள். சென்ற திருவாதிரையில் களி எலுமிச்சம்பழ அளவை எட்டியது. பெரியவர் காலத்துத் தொன்னை இன்னும் நிறையவில்லை. இளம் அதிகாரிகள் இருவரும் வரும் மார்கழியில் கீழவீதிக்கு வரலாம், வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளலாம். அளவைப் பார்த்து மட்டும் நகைக்க வேண்டாம். அந்தக் களியில் ஒரு முந்திரிப்பருப்புகூட இதுவரை கடனில் விழுந்ததில்லை.